கையால் திருத்தக்கூடிய எஞ்சின்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "அண்ணை, நீங்கள் இவ்வளவு காலம் ஒஸ்லோவிலை மெக்கானிக்கா இருந்தனீங்கள். எப்பிடி முன்னுக்கு வந்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. வாசிக்கிறவைக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார் மலர்க்குழுச் செயலாளர். ஓம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதமாக ஒரு வரியும் எழுதவில்லை. முன்னுக்கு வந்த கதை என்னிடம் இல்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் எட்டாம் மாடியில் ஒரு வீடு இருக்கிறது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. இதை வாசித்து யாருக்கு உற்சாகம் வரும்?

போன கிழமை தர்சிகா தொலைபேசி எடுத்தாள். நான் வேலை செய்த பட்டறையில் இப்போது அவள்தான் ஃபோர்மன். இங்கே பிறந்த பிள்ளை, என்னைவிட நல்ல மெக்கானிக்.

"மாமா, ஒரு பழைய ஜீப் வந்திருக்கு. மோட்டோர் முடிஞ்சுது. பழசையே பிரிச்சுச் செய்யலாம், வேறை ஒண்டு எடுத்துப் போடலாம், எலெக்ட்ரிக்கும் போடலாம். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"பழைய ஜீப் எண்டால் உங்களைத்தான் கேக்கச் சொல்லினம்."

"சொல்லுறவையையே கேளன்."

அவள் விடவில்லை. பிறகு கேட்டாள். "மாமா, நான் அங்கை வந்து பத்து வருசம். நீங்கள் எல்லா வேலையும் செய்தனீங்கள். ஆனா என்ன எஞ்சின் போடுறதெண்டு முடிவெடுக்கிற வேலை வந்தால் மட்டும் கையைக் கழுவிட்டு மற்ற ஆளைக் கூப்பிட்டுவிடுவியள். நான் அப்ப இருந்தே கவனிச்சனான். ஏன்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. அவளுக்குச் சொல்லவேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. மலர்க்குழு இதைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜ். பழகினேன் என்பதைவிட ஏச்சு வாங்கினேன் என்பது பொருத்தம். நோர்வேக்கு வந்து வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு குளிர்காலம், பிறகு ஒஸ்லோ, மொழி வகுப்பு, நாற்பது வயதில் இருபது வயதுப் பொடியங்களோடு தொழிற்பாடசாலை, சான்றிதழ், அல்னாவில் இந்தப் பட்டறை. அவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஊரில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் பெற்றோல் என்பது மருந்து மாதிரி, துளிக்கணக்கில்தான் கிடைக்கும். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். உதிரிப்பாகம் என்ற சொல்லையே மறந்திருந்தோம். பள்ளிக் கொப்பி மட்டையை வெட்டி, எண்ணெய் கசியாமல் அடைக்கிற காஸ்கெட் செய்தேன். சைக்கிள் ரியூப்பை வெட்டி வேறு என்னென்னவோ செய்தேன். அங்கே நல்ல எஞ்சின் என்றால் நிற்காத எஞ்சின் அல்ல. எல்லாமே நின்றன. நடு வீதியில் நின்ற பிறகு ஒரு குறடும் ஒரு துண்டு வயரும் வைத்து மறுபடி ஓட வைக்கக்கூடியது எதுவோ அதுதான் நல்ல எஞ்சின். இந்த அளவுகோலை நான் விமானத்தில் என்னோடு கொண்டு வந்தேன். சுங்கத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி ஒட்வார். எங்கள் ஃபோர்மன். உயரமான மனிதர், ஒரு நாளைக்கு இருபது வசனத்துக்கு மேல் பேசமாட்டார். நான் வீட்டில் அவரைப் 'பாதிரியார்' என்றுதான் சொல்லுவேன். (நோர்வேக்காரர் எல்லாரையும் 'நீ' என்றுதான் சொல்லுவார்கள், அமைச்சரையும்கூட. அதை அப்படியே எழுத என் பேனைக்கு வராது. அவர்கள் சொன்னதை என் வாயில் வருகிற தமிழில்தான் எழுதுகிறேன்.)

எஞ்சின் செத்துப்போன வாகனம் ஒன்று வந்தால் ஒட்வார் எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றைத் திறக்கமாட்டார். முதலில் வந்தவருக்குக் கை கொடுப்பார். நீண்ட கைகுலுக்கல். கையுறை போட்டிருந்தால் கழற்றும்வரை கையை நீட்டியபடி நிற்பார். பிறகு அவரைச் சாரதி இருக்கையில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டு, "காலமை என்ன செய்வியளோ அதைச் செய்து காட்டுங்கோ" என்பார். ஓடாத வாகனத்தில் இருந்து என்ன செய்து காட்டுவது என்று ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்தபடியே சாவியைத் திருப்புவார்கள், கிளச்சை மிதிப்பார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள். அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு சில கேள்விகள். ஆர் ஓடுறது? எவ்வளவு தூரம்? போய்ச் சேருற இடத்திலை ஆர் காத்திருக்கினம்? எஞ்சின் பிடிக்காட்டி என்ன செய்வியள்? பதில்களை மஞ்சள் அட்டையில் பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதி வைப்பரில் செருகிவிடுவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பொனற்.

"எஞ்சின் கடைசி" என்பார் ஒட்வார். இது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் போனது என்று சொல்லுகிறவன். இவர் என்னடாவென்றால் கலியாணப் பேச்சுக்கு வந்தவர் மாதிரி குடும்ப விபரம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். பதினாலு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தும், அவர் எதற்காக அப்படிக் கை கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு இலையுதிர்காலத்தில் ஒட்வாருக்கு இடுப்பு மாற்றும் அறுவைச் சிகிச்சை. நாலு மாதம் வரமாட்டார். "எஞ்சின் வேலை வந்தால் நீ முடிவெடு" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியிடம் மூன்று தரம் சொன்னேன். ஒட்வார் போன இரண்டாம் கிழமை ஹல்வோர் வந்தார்.

எழுபத்தெட்டு வயது. ஒஸ்லோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில் ஒரு பள்ளத்தாக்கு. பெருவீதியில் ஒரு வாசல் படலை, படலையிலிருந்து நாலு கிலோமீற்றர் செங்குத்தான தனியார் பாதை, அதன் முடிவில் இவருடைய பண்ணை வீடு. அந்தப் பாதையில் கொம்யூன், அதுதான் உள்ளூராட்சி, பனி தள்ளாது. மனைவி சூல்வெய்க்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் தாதி ஒருவர் படலை வரை தன் காரில் வருவார். அங்கிருந்து ஹல்வோர் தன் பழைய ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோய், வேலை முடிந்ததும் இறக்கிவிடுவார். அந்த ஜீப்பின் பெற்றோல் எஞ்சினில்தான் இப்போது பேரிங் போய், சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம்.

அவர் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கடிதத்தை இரண்டு கையாலும் என் மேசையில் வைத்தார். கொம்யூனின் கடிதம். தாதியை மேலே ஏற்றிச் செல்ல நம்பகமான வாகனம் இருக்கும்வரை சூல்வெய்க்கு வீட்டில் வைத்துப் பராமரிப்புத் தரப்படும், இல்லாவிட்டால் அவர் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப்படுவார் என்று அதில் இருந்தது.

"அயலவர் தன்ர ட்ராக்டரைத் தந்திருக்கிறார். ஒரு மாதத்துக்குத்தான், பிறகு அதை விக்கப்போறார்" என்றார் ஹல்வோர். "அவ அந்த வீட்டிலைதான் பிறந்தவ. வேறை இடத்திலை அவ நித்திரை கொள்ளமாட்டா."

கோப்பி கொடுத்தேன். கோப்பையை எடுக்கும்போது அவருடைய கை நடுங்கியது, கோப்பி கடிதத்தின் உறையில் சிந்தியது. துணியால் துடைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். வயது போன ஒருவரின் கை நடுங்குவதைப் பார்த்தும் பாராதது போல இருப்பதுதான் நான் வளர்ந்த இடத்தில் மரியாதை. கை கொடுக்கவும் இல்லை. பெரியவர் என்று தலையைக் குனிந்து வணங்குகிற மாதிரி ஏதோ செய்தேன். அவரைச் சாரதி இருக்கையில் ஏற்றி நடித்துக் காட்டச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மஞ்சள் அட்டையைப் பிறகு நானே நிரப்பினேன்.

மூன்று வழி இருந்தது. முதலாவது, பழைய எஞ்சினையே பிரித்துச் செய்வது. சில பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், ஒரு மாதத்துக்குள் முடியாது. இரண்டாவது, அதே வகை ஜீப்பின் பிந்திய மொடலில் வந்த பெற்றோல் எஞ்சின். மோதி உடைந்த வாகனம் ஒன்றில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது. பாரம் குறைவு, எந்தக் குளிரிலும் சாவியைத் திருப்பினால் பிடிக்கும். ஆனால் எல்லாம் ஒரு சின்னக் கணினிப் பெட்டியின் கையில். அந்தப் பெட்டி செத்தால் எஞ்சினும் செத்தது. மூன்றாவது, பழைய டீசல் எஞ்சின். கணினி இல்லை, சென்சர் இல்லை. இருக்கிற கியர்ப்பெட்டியோடு அப்படியே பொருந்தும். உழவு மாடு மாதிரி மெதுவாக இழுக்கும்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கணினிப் பெட்டி சனவரியில் நாலு கிலோமீற்றர் பனிக்கு மேலே செத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? டீசல் என்றால் எது போனாலும் இரண்டு ஸ்பனரோடு சரிப்படுத்தலாம். இதுதான் என் கணக்கு. பழுதே வராத எஞ்சின் என்று ஒன்று இருக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால் பழுது வந்தபிறகு நடக்கப்போவதை மட்டும் பார்த்தேன்.

"இதை நீங்களே திருத்தலாம்" என்று ஹல்வோரிடம் சொன்னேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். டொக்டர், தாதி, கொம்யூன், பிள்ளைகள் என்று எல்லாரும் இரண்டு மூன்று வருடமாக அவருக்கு இனி என்னென்ன ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முதல்முறையாக, உங்களால் ஏலும் என்று சொல்லியிருக்கிறான். அவர் எப்படி மறுத்துச் சொல்லுவார்?

அன்று பின்னேரம் ஒட்வார் வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி எடுத்தார். நான் எல்லாம் சொன்னேன். "பிடிக்காட்டி என்ன செய்வாராம்?" என்று கேட்டார். "தானே திருத்துவார்" என்றேன். "ஆளை ஏத்தி இருத்திப் பாத்தனியோ? கை குடுத்தனியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே பொய்.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எஞ்சினை முழுவதும் பிரித்துப் பார்த்துச் சேர்த்தேன். முன் ஸ்பிரிங்குகளைக் கூடிய பாரத்துக்கு ஏற்ப மாற்றினேன். குளிரில் எஞ்சினைச் சூடாக்க, மின்சாரத்தில் இணைக்கிற ஹீற்றர் போட்டேன். பரிசோதனை நிலையத்தில் எஞ்சின் மாற்றத்துக்கான அனுமதியும் முதல் தரத்திலேயே கிடைத்தது. ஹல்வோர் எடுத்துப்போக வந்த நாளில், எரிபொருள் குழாய்க்குள் காற்றுப் போனால் அதை வெளியேற்றுவது எப்படி என்று செய்து காட்டினேன். டீசலில் வரக்கூடிய சில்லறைப் பழுது அதுதான். நாலு தரம் செய்து காட்டினேன். அவர் இரண்டு கையையும் ஜக்கெற் பொக்கெற்றில் வைத்தபடி கவனமாகப் பார்த்துத் தலையாட்டினார். நீங்கள் ஒருக்காச் செய்து பாருங்கோ என்று நான் சொல்லவில்லை. வேண்டிய இரண்டு ஸ்பனரையும் துணியில் சுற்றி இருக்கைக்குக் கீழே வைத்தேன்.

மூன்று மாதம் ஜீப் நன்றாக ஓடியது. பெப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழரைக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. நான் பட்டறைக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஹல்வோர் கதைக்கிறன். பிடிக்குதில்லை."

"ஹீற்றர் போட்டதோ?"

"இரவு முழுக்கப் போட்டது."

"சுத்துதோ?"

"வடிவாச் சுத்துது."

"பின்னாலை புகை வருதோ?"

"இல்லை."

"நல்லது" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. சுற்றியும் புகை வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. கடுங்குளிரில் ஏதோ ஒரு றப்பர் வளையம் சுருங்கி, காற்று உள்ளே போயிருக்கிறது. பத்து நிமிட வேலை. நான் செய்து காட்டிய அதே வேலை. என் தெரிவு சரி என்று நிரூபிக்க இப்படி ஒரு காலை வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம்.

"தாதி படலையிலை நிக்கிறா" என்றார் ஹல்வோர். "சூல்வெய்க்கு நேற்று முழுக்கக் காய்ச்சல். மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கெதியாப் பாக்கவேணுமாம்."

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு பற்றரிக்கு மேல் வைக்கச் சொன்னேன். டீசல் பில்டருக்கு மேலே ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதைச் சின்ன ஸ்பனரால் இரண்டு சுற்றுத் தளர்த்தவேண்டும். கீழே இருக்கிற கைப்பம்பின் நெம்புகோலை மேலும் கீழும் அடிக்கவேண்டும். முதலில் நுரை வரும், பிறகு டீசல் மட்டும் வரும். அப்போது திருகாணியை இறுக்கவேண்டும். ஒவ்வொரு சொல்லாக நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

இரும்பு சீமெந்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"விழுந்திட்டுது" என்றார். எடுத்தார். மறுபடியும் அந்தச் சத்தம். மூன்றாம் தரமும் கேட்டது.

"கையைக் கொஞ்சம் சூடாக்கிப்போட்டுச் செய்யுங்கோ" என்றேன். "அவசரப்பட வேண்டாம்."

"இது குளிராலை இல்லை" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "மூண்டு வருசமா இப்பிடித்தான். கரண்டியும் பிடிக்க ஏலாது."

கடிதத்தின் உறையில் சிந்திய கோப்பி எனக்கு ஞாபகம் வந்தது. அவர் நிற்பாட்டவில்லை. ஸ்பனரை ஒரு மணிக்கட்டுக்கும் மற்றக் கைக்கும் நடுவில் வைத்து அமத்துகிறேன் என்றார். மூச்சு வாங்குவது கேட்டது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. திருகாணி தளர்ந்தது. பம்பை முழங்கையால் அடித்தார். "நுரை வருது... இப்ப டீசல் மட்டும் வருது" என்றபோது குரலில் ஒரு பிள்ளையின் சந்தோசம். நான் பட்டறைக்குள் நின்று "இறுக்குங்கோ, இறுக்குங்கோ" என்று கத்தினேன். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு மெல்லிய சத்தம். ஸ்பனர் விழுந்த சத்தம் அல்ல.

"திருகாணி கழண்டு விழுந்திட்டுது" என்றார் ஹல்வோர். "கூடத் தளர்த்திட்டன் போலை. எஞ்சினுக்குக் கீழை எங்கையோ போட்டுது. என்ர விரலுக்குப் பிடிபடுதில்லை."

அந்தத் திருகாணி இல்லாமல் அந்த எஞ்சின் பிடிக்காது.

"இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

தடைக்காலத்தில் கொப்பி மட்டையில் காஸ்கெட் வெட்டிய நான், அந்தத் துளைக்குள் ஒரு மரக்குச்சியைச் சீவி அடிக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். எந்தக் கையால் அவர் சீவுவார்? அப்போது தூரத்தில், வீட்டுக்குள்ளிருந்து, ஒரு சின்னக் கைமணி அடிக்கிற சத்தம் கேட்டது. சூல்வெய் கூப்பிடுகிறார். "நான் உள்ளை போகவேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். தொலைபேசியை நிற்பாட்ட மறந்துவிட்டார். ஆளில்லாத அந்தக் கொட்டகையின் அமைதியை நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். மணி அடித்தது, பிறகு நின்றது.

படலையில் நின்ற தாதிதான் உதவி கூப்பிட்டார். மீட்புக்குழு பனி ஸ்கூற்றரில் போய்ச் சூல்வெய்யைக் கீழே இறக்க மத்தியானமாகிவிட்டது. நிமோனியா. உயிர் தப்பினார். ஆனால் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பவில்லை, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். கொம்யூனின் புதிய கடிதத்தை ஹல்வோர் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். "அவையும் என்ன செய்யிறது" என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒட்வார் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். நான் பொய் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் நிரப்பிய மஞ்சள் அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "நீ உனக்கு எஞ்சின் தெரிவு செய்திருக்கிறாய்" என்றார். அட்டையை என் கையில் தந்தார். அன்றைக்கு அந்த இரண்டாவது எஞ்சினை, சாவியைத் திருப்பினால் பிடிக்கிற அந்த எஞ்சினை, போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணினிப் பெட்டி சாகும் என்று பயந்தேனே, அந்த வகைப் பெட்டி செத்து ஒரு வாகனம்கூட நான் ஓய்வு பெறும்வரை எங்கள் பட்டறைக்கு வரவில்லை.

வைகாசியில் ஹல்வோர் ஜீப்பை வாடகை ட்ரெய்லர் ஒன்றில் ஏற்றுவித்துக்கொண்டு வந்தார். கொம்யூன் இலையுதிர்காலத்தில் மறுபடி பரிசீலிக்குமாம். நம்பகமான வாகனம் இருந்தால், ஒருவேளை, சூல்வெய் வீட்டுக்கு வரலாமாம். "இந்தமுறை என்ன போடலாம்?" என்று என்னிடம்தான் கேட்டார். ஒட்வார் பக்கத்தில் நின்றார். ஹல்வோர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நான் அவரைச் சாரதி இருக்கையில் ஏற்றினேன். காலையில் செய்வதைச் செய்து காட்டச் சொன்னேன். சாவியைத் துளைக்குள் விட அவருக்கு நாலு தரம் பிடித்தது. அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய பிடி வைத்த சாவி ஒன்று செய்வதாகச் சொன்னேன்.

இந்தமுறை பெற்றோல் எஞ்சின். ஸ்தவாங்கரில் மோதி உடைந்த வாகனம் ஒன்றிலிருந்து எடுத்தோம். கோடை விடுமுறை முழுவதும் அந்த ஜீப்போடு கிடந்தேன். வயர்க் கற்றையை ஒவ்வொரு இழையாகப் பிரித்து, வேண்டாததை நீக்கி, மிச்சத்தைப் புதிதாகச் சுற்றினேன். கணினிப் பெட்டியை ஈரம் படாத இடத்தில், இருக்கைக்குப் பின்னால் பொருத்தினேன். குளிரூட்டி லொறி வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து, அந்தக் குளிருக்குள் எஞ்சினை ஓரிரவு வைத்துக் காலையில் பிடிக்க வைத்துப் பார்த்தேன். என் மனைவி, "உங்களுக்கு விசர்" என்றாள். ஹல்வோர் இரண்டு கிழமைக்கு ஒருக்காத் தொலைபேசி எடுத்து எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பார். "சூல்வெய் கேக்கிறா" என்பார். பண்ணையில் தனியே இருக்க ஏலாமல், பராமரிப்பு இல்லத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்திருந்தார். ஆவணிக் கடைசியில் அவர் அழைப்பது நின்றது. வேலை மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

புரட்டாதியில் பரிசோதனை நிலையத்தின் அனுமதி கிடைத்தது. வரச்சொல்லிச் செய்தி அனுப்பினேன். ஹல்வோர் ரயிலில் வந்தார். கறுப்புக் கோட், வெள்ளைச் சேட்டு. நகரத்துக்கு வருகிறார் என்று உடுத்தியிருக்கிறார் என நினைத்தேன்.

ஏறி இருந்தார். பெரிய பிடி வைத்த சாவி ஒரே தரத்தில் உள்ளே போனது. திருப்பினார். கை விலக முன்பே எஞ்சின் பிடித்தது. தையல் மெசின் மாதிரி ஒரு மெல்லிய சத்தம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நிற்பாட்டினார். திரும்பவும் பிடிக்க வைத்தார். திரும்பவும் நிற்பாட்டினார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

"சூல்வெய் எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன்.

"ஆவணியிலை செத்துப்போனா. அடக்கம் செய்து மூண்டு கிழமை."

பட்டறையில் யாரோ காற்றழுத்தக் கருவியால் சில்லுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை காத்து நின்றேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வேலையை நிப்பாட்டிப்போடுவியள்" என்றார். "ஜீப்பை முடிப்பிக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லியிருந்தனான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லுவதற்கு எனக்கு ஏழு மாதம் எடுத்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். முந்தியதும் நல்ல எஞ்சின்தான், பிழை தன் கையில்தான் என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என்னைத் தேற்றுவதற்கு அந்த மனிதர் கறுப்புக் கோட்டோடு மூன்று மணித்தியாலம் ரயிலில் வந்திருக்கிறார்.

"வீட்டை போகப்போறியளோ?" என்று கேட்டேன். "மேலை, பண்ணைக்கு?"

"அங்கை ஒருத்தரும் இல்லையே" என்றார். "கீழைதான் அறை இருக்கு. தேவாலயம் முன்னுக்கு, கடை பக்கத்திலை. அவவைப் பாக்கப் போறதெண்டாலும் இருநூறு அடி. எல்லாம் நடக்கிற தூரம்தான்."

சொல்லிவிட்டுச் சாவியை மறுபடி திருப்பினார். உடனே பிடித்தது.